முடிச்சுப் போடத் தெரிந்தால் போதுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்

மதுரை என்றதும் பலருக்கு மல்லிகை நினைவுக்கு வரும். கோபுரம் நினைவுக்கு வரும். சித்திரைத் திருவிழா நினைவுக்கு வரும். எனக்கோ முதலில் நினைவுக்கு வருவது சுங்குடிச் சேலை. காரணம், என் தாயார் பல ஆண்டுகள் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர். நெய்து முடித்த வெள்ளைத் துணியை மடியில் போட்டு, நகத்தால் ஒரு துளித் துணியைக் கிள்ளித் தூக்கி, நூலால் சுற்றி இறுக்குவார். இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள் போட்டபின் துணி சாயத் தொட்டிக்குப் போகும். சாயம் காய்ந்ததும் துணியைப் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் பட்பட்டென்று அவிழும். சாயம் ஏறாத இடங்களில் வெள்ளைப் புள்ளிகள் வானத்து மீன்களாய்ச் சிரிக்கும். முடிச்சுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில்தான் நான் பள்ளிக்குச் சென்றேன். இன்று எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்திருக்கிறேன்.

கணிப்பொறிக் கட்டுரையில் சேலைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. நெய்து முடித்த துணியை அறுக்காமல், பிரிக்காமல், வெளியிலிருந்து கட்டியே அதில் ஒரு புதுமையைக் கொண்டுவர முடியும் என்பதைச் சுங்குடி காட்டுகிறது. எழுதி முடித்த நிரலையும் அப்படியே செய்யலாம் என்கிறது 'ஆஸ்பெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்' என்னும் முறை. தமிழில் இதைக் 'கூறுநோக்கு நிரலாக்கம்' எனலாம். பைத்தான் மொழியில், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த முடிச்சைப் போட்டுவிட முடியும். இது வரமா, வம்பா? என் அனுபவத்தைக் கொண்டு என் கருத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

ஐந்நூறு ரூபாய் எங்கே?

வைகையின் தென்கரையில் இருக்கிறது எங்கள் தெரு. தெருப் பெண்கள் 12 பேர் சேர்ந்து மகளிர் சுய உதவிக் குழு ஒன்று நடத்துகிறார்கள். தமிழ்நாட்டில் இத்தகைய குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவியவை. வாரந்தோறும் சேமிப்பு, தேவைப்பட்டவருக்குக் கடன், மாதந்தோறும் தவணை. இவற்றையெல்லாம் ஊக்குநர் அக்கா பேரேட்டில் எழுதி வந்தார். "கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை நம் வீட்டில் இருக்கும்போது நமக்கு ஏன் இந்தப் பாடு?" என்றார் என் தாயார். நானும் உற்சாகமாக ஒரு பைத்தான் நிரல் எழுதிக் கொடுத்தேன்.

அந்த நிரலில் 'குழுக்கணக்கு' என்று ஒரு வகுப்பு. அதில் 'சேமி', 'கடன்_கொடு', 'தவணை_பெறு', 'திருத்து' என்று 4 செயற்கூறுகள். (பைத்தான் 3.0 வெளிவந்த 2008 முதல் இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத இனிய செய்தி.) பணம் தொடர்பான எந்தச் செயல் நடந்தாலும் நாள், நேரம், பெயர், தொகை நான்கையும் ஒரு பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும் என்பது என் திட்டம். ஆகவே ஒவ்வொரு செயற்கூற்றிலும் பதிவு வரிகளை எழுதினேன். முதல் மூன்றிலும் எழுதினேன். நான்காவதில் மறந்தேன்!

குழுவில் ஒரே பெயருடைய இருவர் உண்டு, தலைப்பெழுத்துத்தான் வேறு. ஒருவர் கட்டிய 500 ரூபாய்த் தவணை மற்றவர் கணக்கில் ஏறிவிட்டது. ஊக்குநர் அக்கா பிழையைக் கண்டு, நான் கற்றுக்கொடுத்தபடியே 'திருத்து' மூலம் சரிசெய்தார். அடுத்த வாரம் அந்த மற்றவர் வந்து கேட்டார்: "போன வாரம் என் கடன் 2,500 என்று சொன்னீங்க. இன்னைக்கு 3,000 என்கிறீங்க. ஐந்நூறு எங்கே போச்சு?"

பதிவேட்டைத் திறந்தோம். திருத்தம் நடந்ததற்கு ஒரு வரிகூட இல்லை. கூடியிருந்தவர்களின் பார்வை அக்காவின் மேல் திரும்பியது. எட்டு ஆண்டுகள் ஒரு பைசா பிசகாமல் கணக்கு எழுதியவர் அவர். அன்று அவர் யாரோடும் பேசாமல் எழுந்து போனார். இரண்டு நாள் கழித்து, அவருடைய தகரப் பெட்டியில் கிடந்த ஒரு துண்டுச் சீட்டு உண்மையைச் சொன்னது. எல்லாரும் வருத்தம் தெரிவித்தார்கள். கணிப்பொறி பொய் சொல்லாது என்பார்கள். என் நிரலும் பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது. அப்படி விட வைத்தவள் நான்.

ஊடும் பாவும்

என் பிழைக்கு மறதி மட்டுமா காரணம்? ஆழ்ந்து பார்த்தால் நிரலின் அமைப்பிலேயே ஒரு சிக்கல் இருப்பது புலப்படும்.

சேமிப்பு ஒரு வேலை. கடன் ஒரு வேலை. தவணை ஒரு வேலை. இவற்றைத் தனித்தனிச் செயற்கூறுகளாகப் பிரித்துவிடலாம். ஆனால் 'பதிவு செய்தல்' என்பது இவை எல்லாவற்றின் ஊடாகவும் ஓடுகிற கடமை. தறியில் பாவு நூல்கள் நீளவாக்கில் வரிசையாக நிற்கும். ஊடை நூல் குறுக்கே எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு ஓடும். பதிவு செய்தல், அனுமதி சரிபார்த்தல், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அளத்தல் ஆகியவை எல்லாம் ஊடை நூல்கள். இவற்றை ஒவ்வொரு பாவிலும் தனித்தனியாக எழுதினால் எங்கேனும் ஓரிடத்தில் இழை விடுபடத்தான் செய்யும்.

வேறு வேறு கவலைகளை வேறு வேறாகப் பிரித்துச் சிந்திக்க வேண்டும் என்று நெதர்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1974-இல் எழுதினார். ஆனால் குறுக்கே ஓடும் கவலைகளை நிரலில் எங்கே வைப்பது? அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் அப்போது இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கிரெகோர் கிக்ஸாலெஸும் அவருடன் ஆறு பேரும் 1997-இல் பின்லாந்தில் நடந்த மாநாடு ஒன்றில் விடை சொன்னார்கள். குறுக்குக் கடமையைத் தனி ஒரு 'கூறாக' ஒரே இடத்தில் எழுது. அது எந்தெந்த இடங்களில் சேர வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடு. சேர்க்கும் வேலையைக் கருவி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அப்படிச் சேர்ப்பதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'வீவிங்', அதாவது நெசவு! கலிபோர்னியாவில் இருந்தவர்களுக்கும் தறியின் சொல்தான் தேவைப்பட்டது என்று படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர்கள் ஜாவா மொழிக்காக உருவாக்கிய ஆஸ்பெக்ட்ஜே, நிரலை மொழிபெயர்க்கும் கட்டத்திலேயே கூறுகளை நெய்துவிடும். தறியிலேயே கரை நெய்வது போல என்று சொல்லலாம். பைத்தானில் நாம் செய்வதோ சுங்குடி. துணி ஏற்கெனவே நெய்து முடிந்துவிட்டது. அதன் மேல் முடிச்சுப் போடுகிறோம்.

முடிச்சுப் போடும் முறை

கைடோ வான் ரோசம் 1991-இல் முதன்முதலாக வெளியிட்ட பைத்தான் மொழியில், வகுப்பு என்பது நிரல் ஓடும்போதும் உயிரோடிருக்கும் ஒரு பொருள். அதனிடம் ஓர் அகராதி உண்டு. 'சேமி' என்ற பெயருக்கு எதிரே இந்தச் செயற்கூறு, 'திருத்து' என்ற பெயருக்கு எதிரே அந்தச் செயற்கூறு என்று அதில் எழுதியிருக்கும். அந்த அகராதியை நாம் புரட்டிப் பார்க்கலாம், மாற்றியும் எழுதலாம்.

ஆகவே நான் செய்தது இதுதான். அகராதியில் உள்ள செயற்கூறுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒவ்வொன்றையும் ஓர் உறைக்குள் வைத்தேன். உறை முதலில் பதிவேட்டில் ஒரு வரி எழுதும்; பிறகு உள்ளே இருக்கும் பழைய செயற்கூற்றை அழைக்கும்; அது முடிந்ததும் முடிவைக் குறிக்கும்; உள்ளிருந்து வந்த விடையை அப்படியே திருப்பித் தரும். அந்த உறையை 'செட்அட்டர்' என்னும் கருவியால் பழைய பெயரிலேயே வகுப்பில் பொருத்தினேன். அவ்வளவுதான். வகுப்புக்குள் ஒரு வரியும் மாற்றவில்லை. செயற்கூறுகள் நான்காக இருந்தாலும் நாற்பதாக இருந்தாலும் வேலை ஒன்றே. முன்பே உருவாகிவிட்ட கணக்குகளுக்கும் இது பொருந்தும். ஏனென்றால் ஒரு பொருளின் செயற்கூற்றை அழைக்கும்போதெல்லாம் பைத்தான் வகுப்பைத்தான் போய்க் கேட்கிறது.

2004-இல் வந்த பைத்தான் 2.4 இந்த உறையிடும் வழக்கத்துக்கு 'டெகரேட்டர்' என்ற அழகிய எழுத்துமுறையைக் கொடுத்தது. செயற்கூற்றின் தலைக்கு மேலே ஒரு குறியும் பெயரும் எழுதினால் போதும். 2008-இல் வகுப்பு முழுமைக்குமே அப்படி எழுதும் வசதி வந்தது.

இந்த முறையால் எனக்கு இன்னொரு பெரிய நன்மையும் கிடைத்தது. இது தமிழருக்கே உரிய சிக்கல் என்பதால் இங்கே சொல்ல வேண்டும். 'பொன்' என்று தொடங்கும் பெயரைக் கணிப்பொறியில் இரண்டு விதமாகச் சேமிக்க யூனிகோடில் இடம் உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கோ முதலாவது 4 குறியீடு, இரண்டாவது 5 குறியீடு. அதனால் ஒருவரே இருவராகி நிற்பார். தேடினால் அகப்பட மாட்டார். இதைச் சீர்செய்யப் பைத்தானிலேயே 'யூனிகோடுடேட்டா' என்னும் கருவி இருக்கிறது. ஆனால் பெயர் நுழைகிற ஒவ்வொரு வாசலிலும் அதை மறவாமல் அழைக்க வேண்டுமே! மீண்டும் அதே ஊடை நூல். பெயர் சீராக்கும் உறை ஒன்றைச் செய்து எல்லா வாசல்களிலும் ஒரே முறையில் கட்டினேன். தமிழில் தரவு வைத்திருக்கும் எந்த நிரலுக்கும் இது உதவும்.

இங்கே முறை வரிசை முக்கியம். கடைசியாகக் கட்டிய உறைதான் வெளியே நிற்கும், முதலில் ஓடும். ஆகவே பதிவு உறையை முதலில் கட்டி, சீராக்கும் உறையை அதன் மேல் கட்டினேன். மாற்றிக் கட்டியிருந்தால் சீராகாத பெயரே பதிவேட்டில் ஏறியிருக்கும். இளஞ்சாயம் முதலில், அடர்சாயம் பிறகு என்பது சாயத் தொட்டிக்காரருக்குத் தெரிந்த பாடந்தானே!

அழகர்மலைக் குரங்கு

இதோடு கதை முடிந்திருந்தால் இது புகழ்ச்சிக் கட்டுரையாகியிருக்கும். முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவேட்டைப் பார்த்த என் தாயார், "ஏத்தா, எல்லாமே ரெண்டு ரெண்டா எழுதியிருக்கே, பணமும் ரெண்டு தடவை வந்துச்சா?" என்று கேட்டார். தூக்கிவாரிப் போட்டது. பணம் சரியாகத்தான் இருந்தது. முடிச்சுப் போடும் வரியை நிரலில் இரண்டு இடங்களில் அழைத்திருந்தேன். உறைக்கு மேல் உறை! பைத்தான் ஏன் என்று கேட்கவில்லை. கட்டு என்றால் கட்டும்.

பின்னொரு நாள் என் வகுப்புத் தோழி ஒருத்தி நிரலைச் சரிபார்க்க உதவினாள். 'குழுக்கணக்கு' வகுப்பை வரிவரியாகப் படித்தாள். "இதில் பதிவு செய்கிற வரியே இல்லையே, பதிவேட்டில் மட்டும் எப்படி எழுதப்படுகிறது?" என்று அரைநாள் தேடினாள். தன் பிழையோ என்று தன்னையே நொந்துகொண்டாள். நான் வேறொரு கோப்பில் போட்ட முடிச்சு அவள் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

ஓடும் நிரலை வெளியிலிருந்து இப்படி மாற்றுவதை நிரலாளர்கள் 'மங்கி பேட்ச்' என்பார்கள், குரங்கு ஒட்டு! அழகர்கோயிலுக்குப் போனவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் புரியும். கையில் வாழைப்பழம் இருக்கிறது என்று நினைத்து நடப்போம். பார்த்தால் பழம் மரத்தின் மேல் இருக்கும். எப்போது போனது என்றே தெரியாது.

அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. நான் நல்ல எண்ணத்தோடு 'திருத்து' மேல் ஓர் உறை போட முடிந்தது என்றால், தீய எண்ணம் உடையவரும் போடலாம். பதிவு செய்யும் உறையையே கழற்றி எறியலாம். அதே நிரலுக்குள் ஓடுகிற எந்தப் பகுதிக்கும் இந்த உரிமை இருக்கிறது. நாம் எழுதிய வகுப்புகளுக்குப் பைத்தான் பூட்டுப் போடுவதில்லை. ஆகவே இந்த முறை மறதிக்கு மருந்தே தவிர, மோசடிக்கு மருந்தாகாது. அதனால்தான் எங்கள் குழுவில் பேரேட்டையும் கைவிடவில்லை. அக்காவின் தகரப் பெட்டியையும் கைவிடவில்லை.

என் கருத்து

"நான்கு செயற்கூற்றுக்கு நான்கு வரி எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே? இவ்வளவு வித்தை எதற்கு?" என்று நண்பர் சிலர் கேட்கிறார்கள். நான்கோடு நின்றால் அவர்கள் சொல்வது சரியே. ஆனால் கணக்கு வளரும். எங்கள் நிரலில் இன்று 9 செயற்கூறுகள். நாளை பத்தாவதை எழுதப் போகிறவர் நானாக இல்லாமலும் இருக்கலாம். அவருடைய நினைவாற்றலை நம்பி ஓர் ஏழைப் பெண்ணின் நாணயத்தைப் பணயம் வைக்கலாமா? எல்லாருக்கும் பொதுவான கடமையை ஒரே இடத்தில் எழுதுவதுதான் முறை.

"அப்படியானால் எதையும் வெளியிலிருந்து மாற்றிக்கொண்டே போகலாமா?" என்றால், கூடாது என்பதே என் விடை. முடிச்சுப் போடுகிறவருக்கு ஐந்து கட்டுப்பாடுகள் வேண்டும்.

முதலாவது, முடிச்சு வெளிப்படையாக இருக்க வேண்டும். வகுப்பின் தலைப்பிலேயே டெகரேட்டராக எழுதுவது மேல். அப்படி எழுத முடியாமல் ஓடும்போதுதான் கட்ட வேண்டும் என்றால், நிரலில் ஒரே இடத்தில் கட்ட வேண்டும்; அந்த இடம் எது என்பதை வகுப்பின் விளக்கவுரையில் எழுதிவைக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு முறைதான் கட்ட வேண்டும். கட்டிய உறையில் ஓர் அடையாளம் வைத்து, அடையாளம் இருந்தால் மீண்டும் கட்டாமல் விட வேண்டும். இந்தப் பாடத்தை எனக்குக் கற்றுத்தந்தவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட என் தாயார்.

மூன்றாவது, முடிச்சால் துணி கெடக்கூடாது. உள்ளிருந்து வரும் விடையை மாற்றாமல் தர வேண்டும். பிழை எழுந்தால் விழுங்கிவிடாமல் அதைப் பதிந்துவிட்டு மேலே அனுப்ப வேண்டும். உள்ளே இருக்கும் செயற்கூற்றின் பெயரும் விளக்கமும் உறையால் மறைந்துவிடாமல் இருக்க 'ஃபங்க்டூல்ஸ்' தொகுதியில் 'ராப்ஸ்' என்னும் கருவி இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சோம்பக்கூடாது.

நான்காவது, அவிழ்க்கத் தெரிந்தவரே கட்ட வேண்டும். அவிழாத முடிச்சு சுங்குடியில் புள்ளியாகாது, கறையாகிவிடும். பழைய செயற்கூற்றைப் பத்திரமாக வைத்திருந்து, வேண்டும்போது அதன் இடத்தில் திரும்ப வைக்கும் வழியையும் முடிச்சோடு சேர்த்தே எழுத வேண்டும்.

ஐந்தாவது, பொதுக் கடமைகளுக்கு மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும். வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்பவை குழுவின் தீர்மானங்கள். அவை வகுப்புக்குள் எல்லாரும் படிக்கும் இடத்தில் இருக்க வேண்டும். வட்டியை உறைக்குள் ஒளித்து வைப்பது கந்துவட்டிக்காரரின் வழக்கம். நமக்கு அது வேண்டாம்.

நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் நாம் எழுதும் பயிற்சி நிரல்களில் 'பணியாளர் சம்பளம்' என்று ஒரு கற்பனைக் கணக்கை வைத்துக்கொள்கிறோம். அதில் பிழை நேர்ந்தால் ஒரு மதிப்பெண் போகும், அவ்வளவுதான். நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். நம் தெருவிலேயே உண்மைக் கணக்குகள் காத்திருக்கின்றன. பால் ஊற்றுபவர்களின் கணக்கு, பூக்கட்டுபவர்களின் கணக்கு, குழுக் கணக்கு! அவற்றில் ஒன்றை எடுத்து எழுதிப் பாருங்கள். ஒரு வரி விடுபட்டால் ஒரு மனிதரின் நெஞ்சு எப்படி நோகும் என்பது அப்போது விளங்கும்.

சென்ற மாதம் ஊக்குநர் அக்கா மீண்டும் என் மடிக்கணினி முன் உட்கார்ந்தார். 'திருத்து' கொடுத்தார். பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. அவருடைய பெயர், நாள், நேரம், தொகை எல்லாம் இருந்தன. அதை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு பேரேட்டை எடுத்து, அதே வரியைப் பேனாவால் எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முடிச்சுப் போடத் தெரிந்தால் போதாது. போட்ட முடிச்சைப் பிறருக்குக் காட்டத் தெரிய வேண்டும். அவிழ்க்கவும் தெரிய வேண்டும். கற்றவர் கடமை இதுவன்றோ?